மீட்டர் சொல்லாத மணிக்கணக்கு

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கிலோமீட்டரைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் பொள்ளாச்சிப் பட்டறை அண்ணன் அதைக் கடைசியில்தான் பார்ப்பார். விற்பவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ஏனுங்க, எஞ்சின் எறங்கியிருக்குதுங்களா?” என்பதுதான். பதிலைவிட, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதையே கவனிப்பார். எஞ்சினை இறக்கி வேலை பார்த்த வண்டி என்பதற்காக அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. யார் இறக்கினார்கள், எதற்காக இறக்கினார்கள், பில் இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்பார். மூன்றுக்கும் பதில் இருந்துவிட்டால், இறங்காத எஞ்சினைவிட இறங்கிய எஞ்சினே மேல் என்பது அவர் கட்சி. அவரோடு வண்டி தேடி அலைந்த பிறகு நானும் அந்தக் கட்சிக்காரன்தான்.

2016-ஆம் வருடம் எங்களுக்கு ஒரு பெரிய வண்டி தேவைப்பட்டது. ஆனைமலையைத் தாண்டித் தோப்புக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் சேறாகிவிடும். அப்பாவுக்கு மூட்டுவலி, தாழ்வான காரில் ஏறி இறங்க முடியவில்லை. தங்கை வால்பாறையில் இருக்கிறாள். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டையூசி வளைவுகள் ஏறி, வீட்டு ஆட்கள் ஏழு பேரோடு அங்கே போய்வர வேண்டும். புது எஸ்.யு.வி. எங்கள் கைக்கு எட்டாது. பழையதுதான் வழி.

அப்போது சந்தையில் இருந்த வண்டிகளின் குணம் எங்கள் பக்கத்தில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். சுமோ 1994-இலேயே வந்தது, சஃபாரி 1998-இல், ஸ்கார்ப்பியோ 2002-இல். குவாலிஸ் 2000-இல் வந்து 2005-இல் நின்றுபோனது. ஆனாலும் நின்று பதினோரு வருடம் கழித்தும் அதற்குக் கிராக்கி குறையவில்லை. காரணம் எளிது. 2.4 லிட்டர் டீசல் எஞ்சின், டர்போ இல்லை, மின்னணு மூளை இல்லை, 75 குதிரைத்திறன்தான். அவ்வளவு பெரிய எஞ்சினிடம் அவ்வளவு குறைந்த வேலை வாங்கினால் அது நெடுநாள் உழைக்கத்தான் செய்யும். அதற்குப் பின் வந்த காமன் ரெயில் டர்போ எஞ்சின்கள் அப்படியல்ல. அதே அளவு இரும்பிலிருந்து அதிகச் சக்தியைப் பிழிகின்றன. டீசல் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நாசிலுக்குப் போகிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேலான சுற்று சுற்றுகிறது. அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. முந்தைய கை சரியில்லை என்றால் பழைய எஞ்சின் பொறுத்துப் போகும். புதிய எஞ்சின் கணக்கு எழுதி வைத்துக்கொண்டு அடுத்த சொந்தக்காரரிடம் வசூலிக்கும்.

முதலில் கோவையில் ஒரு தரகர் காட்டியது சென்னைப் பதிவெண் கொண்ட வண்டி. நல்ல நிறம், புது சீட் உறை, விலையும் குறைவு. அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. பின்சீட்டு பெல்ட்டைப் பிடித்து முடிகிற வரைக்கும் இழுத்தார். கடைசி ஒரு சாண் நீளத்தில் காய்ந்த வண்டல் ஒட்டியிருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்த தண்டவாளத்தில் துரு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி அது. சென்னையில் அப்படி மூழ்கிய வண்டிகள் பல, இன்சூரன்ஸ் கணக்கில் முழுச் சேதம் என்று எழுதப்பட்டு, ஏலத்தில் போய், துடைத்து மெருகேற்றப்பட்டு மற்ற ஊர்ச் சந்தைகளுக்கு வந்திருந்தன.

வெள்ள வண்டியில் எஞ்சினுக்கு என்ன கேடு என்று அண்ணன் திரும்பி வரும் வழியில் விளக்கினார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் யாராவது ஸ்டார்ட் செய்துவிட்டால், மேலே வர வழியில்லாமல் பிஸ்டன் முட்டும். கனெக்டிங் ராடு வளையும். நூலளவு வளைந்த ராடோடும் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. என்றாவது ஒருநாள் நெடுஞ்சாலையில் அந்த ராடு முறிந்து பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். “அப்புறம் போரிங்குக்குக்கூட பிளாக் இருக்காதுங்க தம்பி” என்றார்.

அடுத்து வந்தது டெல்லி வண்டி. பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகள் டெல்லிச் சாலைகளில் ஓடக் கூடாது என்று 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பத்தாண்டை நெருங்கும் வண்டிகளை அங்கே வைத்திருக்க யாருக்கும் மனமில்லை. வடக்கிலிருந்து லாரியில் ஏறி வந்தன. விலை பாதிதான். ஆனால், அங்கே என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியை மறுபடி கட்டிப் பார்த்தால் அந்தப் பாதி விலை முக்கால் விலையாகிவிடும். அதோடு, அந்த வண்டி எந்தப் பட்டறையில் வளர்ந்தது என்று கேட்டு அறிய ஆயிரம் மைலுக்கு அப்பால் போக வேண்டும். விட்டுவிட்டோம்.

மூன்றாவதாக ஒரு டிராவல்ஸ் இன்னோவா. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான் முகம் சுளித்தேன். அண்ணன் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே வைத்தார். மூடி லேசாக நடுங்கியதே தவிரத் துள்ளவில்லை, புகை வரவில்லை. “பேக் கம்ப்ரஷனே இல்லீங்க” என்று வியந்தார். சிலிண்டருக்குள் எரிகிற வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசிந்தால் அந்த மூடி வழியாகத்தான் மூச்சு விடும். பட்டறையில் அதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். இந்த வண்டி விமான நிலையத்துக்கும் ஊட்டிக்கும் மாறி மாறி ஓடியது. ஒருமுறை சூடேறினால் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடும். ஓட்டுநருக்கு வண்டிதான் பிழைப்பு என்பதால் ஆயில் தவணை தப்பவில்லை. டைமிங் பெல்ட்டை ஒன்றரை லட்சத்திலும் மூன்று லட்சத்திலும் மாற்றிய ரசீதுகள் இருந்தன. அந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ரசீது இல்லாமல் வாங்குகிறவர் முதல் வேலையாகப் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் விலை ஒத்துவரவில்லை. நல்ல எஞ்சினுக்கு விற்பவரும் விலை வைத்துத்தான் விற்பார்.

கடைசியில் வாங்கியது இதற்கு நேர்மாறான வண்டி. 2009 மாடல், நான்கு சிலிண்டர் டர்போ டீசல். கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. நடந்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை. ஒரே கை, எழுபதாயிரத்துக்கும் குறைவான ஓட்டம், கதவு மூடும் சத்தம்கூடப் புது வண்டி மாதிரி. சொந்தக்காரர் கல்குவாரி வைத்திருந்தவர், கண்ணியமான மனிதர்.

காலையில் நாங்கள் போனதும் அண்ணன் பானெட்டின் மேல் கை வைத்தார். இளஞ்சூடாக இருந்தது. “நாளைக்கு வர்றமுங்க. நாங்க வர்ற வரைக்கும் சாவி போட வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இரவெல்லாம் ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும் என்பது அவர் சட்டம். ரிங் தேய்ந்திருந்தாலும், வால்வு சீல் போயிருந்தாலும், நாசில் ஒழுகினாலும் முதல் ஸ்டார்ட்டில்தான் காட்டிக்கொடுக்கும். மறுநாள் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலப் புகை வந்தது. சூடேறிய பிறகும் முழுக்க நிற்கவில்லை. கறுப்புப் புகை என்றால் டீசல் மிகை அல்லது காற்றுக் குறைவு, அது பெரும்பாலும் நாசில், டர்போ பக்கத்து வேலை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலம் என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். மூடியைத் தலைகீழாக வைத்தார். துள்ளிக் கீழே விழுந்தது. டிப் ஸ்டிக்கை இழுத்தார். ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. டீசல் எஞ்சினில் ஆயில் கறுத்திருப்பது குற்றமல்ல, சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். தேன் நிறத்தில் இருந்தால் நேற்றுத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

எழுபதாயிரம்கூட ஓடாத எஞ்சின் எப்படி இப்படித் தேயும் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணன் அந்த வீட்டு டிரைவரிடம் டீ குடித்தபடி பேச்சுக் கொடுத்தார். குவாரியில் முதலாளி உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது வண்டிக்குள்தான். ஏ.சி. ஓட வேண்டும், அதனால் எஞ்சினும் ஓட வேண்டும். காலையிலிருந்து மாலை வரை நின்ற இடத்திலேயே ஓடும். அதுவும் கிரஷர் பக்கத்தில்.

“டிராக்டருக்கு என்ன மீட்டருங்க தம்பி?” என்று கேட்டார் அண்ணன். மணி மீட்டர் என்றேன். டிராக்டர், போர்வெல் கம்ப்ரஸர், ஜெனரேட்டர் எதுவானாலும் ஆயில் மாற்றுவது மணிக்கணக்கில்தான். எங்கள் வீட்டிலேயே டிராக்டருக்கு அந்தக் கணக்கு உண்டு. காருக்கு மட்டும்தான் சக்கரம் சுற்றினால் எண்ணும் மீட்டர். நின்றபடி ஓடிய மணிகளை அது எண்ணாது. அந்த நேரத்தில் உள்ளே போன தூசியையும் எண்ணாது. கிலோமீட்டர் குறைவு என்ற நம்பிக்கையில் ஆயிலும் காற்று ஃபில்டரும் தவணை தள்ளித் தள்ளி மாற்றப்பட்டிருந்தன. ஒரே சீராக மூன்று லட்சம் ஓடிய இன்னோவாவின் எஞ்சின், எழுபதாயிரம் ஓடிய இதைவிட இளமையாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. பாடி சுத்தம், சேஸிஸ் நேராக இருக்கிறது, கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் இரண்டிலும் சத்தமில்லை, கெட்டது எஞ்சின் ஒன்றுதான், அதுவும் ஏன் கெட்டது என்று தெரிந்துவிட்டது. எஞ்சின் வேலைக்கு ஆகும் தொகையைக் கழித்துக் கொடுத்தால் வாங்கலாம் என்றார். குவாரிக்காரரிடம் எதையும் மறைக்காமல் மூடித் துள்ளலைக் காட்டினார். அவர் அதுவரை பார்த்ததில்லை. சற்று யோசித்து, கேட்ட தொகையில் பெரும்பகுதியைக் குறைத்துக்கொண்டார். 29, 30 ஆம் படிவங்களில் கையெழுத்தாகி வண்டி வீட்டுக்கு வந்தது. டிக்கியில் ஒரு கேன் ஆயிலோடு சில மாதம் ஓட்டி, ஆடி மாதம் எஞ்சினை இறக்கினோம். ஆடியில் கல்யாணம் கிடையாது, வீட்டில் வண்டிக்கு வேலை குறைவு.

இறக்குவதற்கு முன்பு மூன்று வழிகளையும் விசாரித்தோம். கம்பெனியின் புது எஞ்சினுக்குச் சொன்ன விலை, வண்டி வாங்கிய விலையில் பாதியைத் தொட்டது. அடுத்த வழி, கழித்துப் பிரித்த வண்டியிலிருந்து முழு எஞ்சினாக வாங்கி மாட்டுவது. சென்னைக்குப் புதுப்பேட்டை போல எங்களுக்கு உக்கடம். அங்கே வரிசையாகக் கடைகள், எண்ணெய் ஊறிய மண், சங்கிலியில் தொங்கும் எஞ்சின்கள். எங்கள் மாடலுக்கே ஒன்று இருந்தது. விலை மலிவு, இரண்டு நாளில் மாட்டி ஓட்டிவிடலாம். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்டால், விபத்து வண்டி என்றார் கடைக்காரர். பில்லில் எஞ்சின் எண்ணை எழுதித் தர முடியுமா என்று கேட்டதும் பேச்சு மாறியது.

எண் ஏன் முக்கியம்? ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண்ணோடு எஞ்சின் எண்ணும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்த வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு எஞ்சின் வந்த வழிக்குக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லாத எஞ்சின் திருட்டு வண்டியுடையதாகவும் இருக்கலாம். எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். விற்கப் போனால் வாங்குபவர் கேட்பார். இதெல்லாம் போக, அந்த எஞ்சினின் மணிக்கணக்கு யாருக்குத் தெரியும்? நம் எஞ்சினின் நோய் தெரியும். அதன் நோய் தெரியாது. மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம்: நம் பிளாக்கையே சரிசெய்வது.

எஞ்சின் இறங்கியதும் அண்ணன் முதலில் தேடியது பிஸ்டனை அல்ல, தூசி புகுந்த வழியை. காற்று ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயில், கிளாம்புக்கு அடியில் மறைந்திருந்தது விரல் நீள வெடிப்பு. குழாயின் உட்புறம் சந்தனம் பூசியது போலக் கல்பொடி. ஃபில்டருக்கு அப்பால் வெடிப்பு இருந்ததால் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் பயனில்லை. இதைக் கண்டுபிடிக்காமல் ரிங் மட்டும் மாற்றியிருந்தால் ஒரே வருடத்தில் பழைய கதைதான்.

கோவை லேத் பட்டறையில் டயல் போர் கேஜை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இறக்கி அளந்தார்கள். மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் அதிகம், கீழே வரவரக் குறைவு. வட்டமும் முட்டை வடிவாகியிருந்தது. அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குப் போர் அடித்து, ஹோனிங் செய்து, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழவைத்தார்கள். ஆயில் தங்குவதற்கு அந்தக் கோடுகள் வேண்டும். கண்ணாடி போல் மினுங்கும் சிலிண்டர் நல்ல சிலிண்டர் அல்ல. கிராங்கில் பெரிய தேய்மானம் இல்லாததால் பாலிஷ் போட்டுப் புது பேரிங். ஹெட்டைத் தட்டையாக்கி, விரிசல் சோதனை செய்து, வால்வு சீட் வெட்டினார்கள். ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டால் மறுபடி பயன்படாத வகை என்பதால் அவையும் புதிது. நாசில்கள் டெஸ்ட் பெஞ்சுக்குப் போயின. டர்போவின் தண்டில் ஆட்டம் இல்லை, தப்பித்தது.

ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் படிவம். எங்கள் பக்கத்துப் போர்வெல் உப்புத் தண்ணீரைக் கூலன்ட்டுக்குப் பதிலாக ஊற்றி வந்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் வால்வையே காணோம். ‘வண்டி சூடாகாது’ என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் நம் ஊரில் உண்டு. வால்வு இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். ஆறிய நிலையில் ஓட ஓட டீசல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும், தேய்மானம் கூடும். எஞ்சின் வேலையோடு புது ரேடியேட்டர், புது வால்வு, வாட்டர் பம்ப், குழாய்கள், கூலன்ட் எல்லாம் சேர்ந்து, விற்றவர் குறைத்துக்கொண்ட தொகையைச் சற்றுத் தாண்டியது. எஞ்சின் எண் மாறவில்லை, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலையவும் இல்லை.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் மிதமாக ஓட்டச் சொன்னார். நின்றபடி ஓடவிடக் கூடாது, ஒரே வேகத்திலும் போகக் கூடாது. ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு படியும். ஆயிரத்தில் ஆயிலை மாற்றிய பிறகுதான் வால்பாறைக்கு அனுமதி கொடுத்தார். அன்று நாற்பது வளைவு ஏறியும் சூட்டு முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. இன்றும் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையில் ஆயில் சொட்டுகூட ஊற்ற வேண்டியதில்லை. 2024-இல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனபோது புகைச் சோதனையில் ஒரே தடவையில் தேறியது.

இப்போது பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல்களைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. ஊருக்குள்ளேயே சின்னச் சின்னத் தூரம் ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். கரியை எரிக்க முயலும்போது எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் உயரும். அங்கேயும் கேள்வி அதேதான்: எவ்வளவு ஓடியது என்பதல்ல, எப்படி ஓடியது.

ஆகவே, வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஆறிய எஞ்சினைப் பாருங்கள். முதலாளியோடு டிரைவரிடமும் பேசுங்கள். ஆர்.சி.யிலிருக்கும் எஞ்சின் எண்ணை பிளாக்கில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் வேலைக்கான தொகையை வண்டி விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்தக் கூட்டுத்தொகை கையில் இல்லையென்றால் ஒரு படி சின்ன வண்டியாக வாங்குங்கள்.